புதுப்பிப்பு: விளையாட்டு திணறியதற்குக் காரணம் வேகம் அல்ல, வரிசை

வீட்டு இணைய இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இருந்தும், மாலையானால் தம்பியின் பிளேஸ்டேஷன் விளையாட்டு திக்கித் திணறுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

முதலில் வைஃபையைச் சந்தேகித்துக் கேபிள் இழுத்தேன், பலனில்லை. பிறகு கணினியில் பிங்கை (ஒரு சிறு தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 18 மில்லி விநாடியில் நின்ற எண், அக்காவின் மடிக்கணினி புகைப்படங்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியதும் 400ஐத் தாண்டியது. ஏற்றத்தை நிறுத்தியதும் மளமளவென்று இறங்கியது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே கதை.

பதிவேற்றம் நிரம்பி வழியும்போது மோடம் தரவை நீண்ட வரிசையாகத் தேக்கி வைக்கிறது. விளையாட்டின் சின்னஞ்சிறு தரவுப் பொட்டலங்களும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட்.

ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற, தரவு வரிசையை நிர்வகிக்கும் வசதியை இயக்கி, 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தை 18 ஆகக் குறைத்தேன். இணைப்பு தாங்கும் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே ரவுட்டர் அனுப்புவதால் மோடத்தில் தரவு தேங்குவதில்லை, வரிசை இப்போது ரவுட்டரின் கைக்கு வந்துவிட்டது. அது எல்லாக் கருவிகளுக்கும் முறை வைத்து அனுப்புகிறது. அக்கா படம் ஏற்றும்போதும் பிங் 30ஐத் தாண்டவில்லை. இழந்த 2 எம்பிபிஎஸ்ஸை வீட்டில் யாரும் உணரவே இல்லை!

முன்பு அவசரத்தில் பிளேஸ்டேஷனை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்காமல் ஒரே கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் அமைப்பு) வைத்திருந்தேன். அதையும் நீக்கிவிட்டேன், இந்தச் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.