‘கால ஒட்டுறவுச் சார்பு’: சில மறுமொழிகள்

வணக்கம். ‘டைம் கோரிலேஷன் ஃபங்ஷன்’ என்பதற்குக் ‘கால ஒட்டுறவுச் சார்பு’ என்ற தமிழ்ச் சொல்லை முன்வைத்திருந்தேன். ஒரு கணத்தில் இருந்த மதிப்பு, பிந்திய கணத்து மதிப்போடு எவ்வளவு தொடர்புடையது என்று சொல்லும் சார்பு அது. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘நினைவுச் சார்பு’ என்றே வைத்துவிடலாமே? கேட்டதும் புரிகிறது.

நல்ல சொல்தான், ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். புள்ளியியல் இயற்பியலின் மோரி–சுவான்சிக் கோட்பாட்டில் மெமரி ஃபங்ஷன் என்று தனியே ஒன்று உண்டு. நாம் பெயர் தேடும் சார்பு எப்படித் தேய்கிறது என்று சொல்லும் சமன்பாட்டுக்குள் வருவது அது. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். ‘நினைவு’ அதற்கே இருக்கட்டும்.

> ‘ஒட்டுறவு’ என்றால் எப்போதும் ஒட்டியே இருப்பதுபோல் தொனிக்கிறதே?

புள்ளியியல் பாடநூல்களில் ‘எதிர் ஒட்டுறவு’ (ஒன்று கூடினால் மற்றது குறைவது) படித்தவர்களுக்கு அப்படித் தொனிக்காது. இங்கே அந்த எதிர்க்குறி மிகவும் வேண்டியது. 1964-ல் இயற்பியலாளர் அனீசுர் ரகுமான் 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் ஓடவிட்டுத் திசைவேகத்தின் தன்னொட்டுறவை, அதாவது அணுவின் திசைவேகம் பிந்திய கணத்தில் உள்ள தன் திசைவேகத்தோடே கொள்ளும் ஒட்டுறவை, கணக்கிட்டார். வரைகோடு சுழிக்குக் கீழே இறங்கிவிட்டு மெல்லத் திரும்பியது. நீர்மத்தில் அணுவைச் சுற்றி நெருக்கடி. அண்டை அணுக்களில் மோதிப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த வரைகோட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் விரவல் கெழு (அணுக்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு), ஆகவே இறக்கத்தை விட்டுவிட்டால் விடை கூடிவிடும்.

‘நேர ஒட்டுறவு’ வேண்டவே வேண்டாம். அவசரத்தில் படிப்பவர் ‘நேர் ஒட்டுறவு’ என்றுதான் படிப்பார்!

‘கால’ என்பதிலும் ஒரு தெளிவு தேவை. அது கடிகார நேரமல்ல, இரு கணங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதை ‘இடைக்காலம்’ என்றும், எங்கிருந்து எண்ணுகிறோமோ அதைத் ‘தொடக்கக் கணம்’ என்றும் சொல்லலாம். சமநிலையில் எந்தக் கணமும் தொடக்கக் கணமாகலாம், எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்கிறோம். கணினி ஓட்டத்திலிருந்து 1000 சட்டகங்கள் (ஒவ்வொரு கணத்தின் பதிவு) சேமித்திருந்தால், இடைக்காலம் 1 சட்டகம் என்றால் 999 இணைகள், 900 என்றால் வெறும் 100. வகுக்க வேண்டியது அந்தந்த இணை எண்ணிக்கையால்; எல்லாவற்றையும் 1000-ஆல் வகுத்தால் வரைகோட்டின் வால் பொய்யாகத் தேயும். சரியாக வகுத்தாலும் வால் நடுங்கத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை விரைவு ஃபூரியே உருமாற்றத்தால் (எஃப்எஃப்டி) செய்பவர்கள் தரவின் பின்னால் அதே நீளத்துக்குச் சுழிகளைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் கடைசிச் சட்டகம் முதல் சட்டகத்தோடு பெருக்கப்பட்டு, கிடைப்பது ‘சுற்று ஒட்டுறவு’ ஆகிவிடும். இப்படிச் சுழிகளைச் சேர்ப்பதற்குச் ‘சுழி நிரப்பல்’ என்று எழுதிவருகிறேன். நிரலில் மாறியின் பெயராகவும் வைக்கும்படி இன்னும் குட்டையாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.