மெமரி லீக் பிடித்த கதைகள்: என்னுடையது 1,024 பைட்

பெரிய முழு எண்களோடு மல்லுக்கட்டும் ஒரு கணித லைப்ரரி எங்களுடையது. மேலே பைத்தான், அடியில் ஜிஎம்பி என்ற சி மொழி லைப்ரரி, இரண்டையும் ஒட்டவைப்பது சைத்தான் என்ற மொழி (பெயர்ப் பொருத்தம் அப்புறம்தான் உறைத்தது). இரவில் ஓடவிட்ட கணக்கு காலையில் செத்துக் கிடக்கும். மெமரி தீர்ந்து கர்னல் (இயங்குதளத்தின் மையம்) கொன்றிருக்கும். வாங்கிய மெமரியை எங்கோ திருப்பித் தராமல் விடுகிறோம், அதாவது லீக்.

முதலில் பைத்தானோடு வரும் மெமரி கண்காணிப்புக் கருவியான ட்ரேஸ்மாலாக் போட்டேன். எல்லாம் சுத்தம் என்றது. பைத்தானின் அலோகேட்டர் (மெமரி ஒதுக்கும் பகுதி) வழியாகப் போவதைத்தான் அது எண்ணும். ஜிஎம்பி நேராக மாலாக்கிடம் (சி மொழியில் மெமரி கேட்டு வாங்கும் ஃபங்க்ஷன்) வாங்குவது அதன் கணக்கில் வராது.

சரி என்று சந்தேகப்பட்ட ஃபங்க்ஷன்களை ஒவ்வொன்றாக, ஒரே எண்ணை வைத்து லட்சம் தடவை அழைத்து ஆர்எஸ்எஸ், அதாவது ப்ராசஸ் பிடித்திருக்கும் ரேமின் அளவு, பார்த்தேன். விடையை கேஷில் (முன்பே கண்ட விடைகளின் சேமிப்பில்) தேடும் ஃபங்க்ஷனில் மட்டும் 100 எம்பிக்கு மேல் ஏறியது. 1,000 இலக்க எண்ணுக்கு, அழைப்புக்குச் சுமார் 1,024 பைட். எங்கோ ஜிஎம்பி எண்ணின் மெமரியை விடுவிக்கும் எம்பிஇசட்_க்ளியரை மறந்துவிட்டோம் என்றுதான் அதுவரை தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் 1,000 இலக்க எண் பைனரியில் 416 பைட்டுக்குள் அடங்கிவிடும். இடித்தது. இலக்கத்துக்கு ஒரு பைட், முடிவில் வரும் பூஜ்யத்துக்கு ஒன்று, ஆக 1,001. மாலாக் தன் பங்குக்கு 8 சேர்த்து 16-இன் மடங்காக்கினால் 1,024. கசிவது எண்ணின் பதின்ம ஸ்ட்ரிங்!

கேஷில் தேடுவதற்கான சாவிக்காக, எண்ணை ஸ்ட்ரிங்காக்கும் எம்பிஇசட்_கெட்_எஸ்டிஆரை, எழுத இடம் தராமல் நல் (வெற்று முகவரி) கொடுத்து அழைத்திருந்தோம். நல் கொடுத்தால் அதுவே இடம் பிடித்துத் தரும். விடுவிப்பது நம் வேலை. நாங்களோ பைத்தான் ஸ்ட்ரிங்காக நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அம்போவென்று விட்டிருந்தோம். எப்படி வெளியேறினாலும் ஓடும் ஃபைனலி பகுதியில், மெமரியை விடுவிக்கும் ஒரு ஃப்ரீ போட்டதும் நின்றது.

*

இன்னொருவர்: எனக்கு லீக் வந்தது மேட்லேபில், நான் எழுதிய மெக்ஸ் ஃபைலில் (மேட்லேபிலிருந்து அழைக்கும் சி நிரல்). மேட்லேபின் சொந்த எம்எக்ஸ்மாலாக்கில் வாங்கியதை மெக்ஸ் முடிந்ததும் மேட்லேபே எடுத்துக்கொள்ளும். வெறும் மாலாக்கில் வாங்கியதைச் சீண்டாது. கடைசி வரியில் ஃப்ரீ ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அளவு பொருந்தாத மேட்ரிக்ஸ் வந்தால் நடுவிலேயே எர்ரர் ஃபங்க்ஷனை அழைப்பேன். அது திரும்பி வராது, அங்கிருந்தே வெளியே போய்விடும். சரியான உள்ளீட்டில் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரு பைட் கசியவில்லை. வேண்டுமென்றே தப்பான மேட்ரிக்ஸைக் கொடுத்துச் சுற்றவிட்டபோதுதான் மாட்டியது.

*

மூன்றாமவர்: நான் மூன்று நாள் தேடியது லீக்கே இல்லை. ஃப்ரீ செய்ததை ஜிலிப்சி (லினக்ஸில் மாலாக்கைத் தரும் சி லைப்ரரி) எல்லா நேரமும் உடனே கர்னலிடம் திருப்பித் தந்துவிடாது, சிலவற்றைக் கையிலேயே வைத்திருக்கும். அப்படி வைத்திருப்பதைத் திருப்பித் தரச் சொல்லும் மாலாக்_ட்ரிம் அழைத்ததும் ஆர்எஸ்எஸ் மடமடவென்று இறங்கியது. அன்றுமுதல் முதல் சில சுற்றுகளை விட்டுவிட்டு, அதன்பிறகும் ஒரே சீராக ஏறினால்தான் நம்புகிறேன். அப்புறம், பைத்தான் நிரலை வால்கிரைண்டில் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) ஓட்டுவதானால் பைத்தான்மாலாக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை மாலாக் என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள், பைத்தான் 3.6-இலிருந்து இருக்கிறது. இல்லையென்றால் சின்னத் துண்டுகளெல்லாம் பைத்தானின் சொந்த அலோகேட்டரான பைமாலாக் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் அரீனா என்ற பெரிய துண்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.