சிவப்பு அவல்: ஊறினால் கூழ், பாகு விட்டால் விறைப்பு. ஏன்?

நெய்க்கிண்ணம் கேட்டது:

காலையில் அடுப்பில்லாமல் சாப்பிட சிவப்புக் கெட்டி அவல். பத்து நிமிடம் ஊறினால் நடுவில் வெள்ளையாக நிற்கிறது. அரை மணி விட்டால் கூழாகிவிடுகிறது. நன்றாக ஊறியதில் வெல்லப்பாகு விட்டாலோ மறுபடி விறைத்துக்கொள்கிறது. எங்கே தவறு?

இன்னொன்று. கோகுலாஷ்டமி, ஆயுத பூஜை, கார்த்திகை எல்லாவற்றிலும் அவல் வருகிறதே, வீட்டில் அரிசி இருக்கும்போது அவலுக்கு ஏன் இந்த இடம்? கார்ன்ஃப்ளேக்ஸும் அவலும் ஒரே சங்கதிதான் என்கிறார்களே, அது சரியா?

உலக்கைப்பூண்:

அவல் ஏற்கெனவே முக்கால்வாசி வெந்த பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நெல்லைப் பதர் போகக் களைந்து, சுடுநீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைப்பார்கள். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, இரும்புச் சட்டியிலோ சூடான மணலிலோ பிடிப்பிடியாகப் போட்டு வறுப்பார்கள். நெல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி அரிசியை உள்ளேயே வேகவைக்கும். ஒன்றிரண்டு நெல் பொரியத் தொடங்கியதும் சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டி இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிக்க வேண்டும். உமி கழன்று, அரிசி நசுங்கித் தட்டையாகும். பிறகு முறத்தில் புடைத்தால் உமியும் தவிடும் தனியே போகும். இப்போது உலக்கை வேலையை இயந்திரம் செய்கிறது, முறை மாறவில்லை.

கெடுவது நான்கு இடத்தில். ஊறல் போதாவிட்டால் நடு அரிசி வேகாமல் நொய்யாக உடையும். வறுப்பு அதிகமானால் பொரியாகிவிடும். ஈரம் மிஞ்சினால் உரலில் அடையாக ஒட்டிக்கொள்ளும். வறுத்ததை ஆறவிட்டு இடித்தாலும் நொய்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிவப்பு அவலில் தவிட்டுத் தோல் கொஞ்சம் ஒட்டியிருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகும். அதற்காகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓரம் முதலில் குழைந்துவிடும், நடு அப்படியே நிற்கும். ஒரு கப் அவலை இரண்டு முறை அலசி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு 5 நிமிடம் வையுங்கள். பிறகு வடிதட்டில் கொட்டி மூடி 15 நிமிடம் விடுங்கள். மேலே ஒட்டிய ஈரமே நடுவுக்கு இறங்கும். ஒரு இதழை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள்: வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிந்தால் பதம். பொட்டு தெரிந்தால் கையளவு தண்ணீர் தெளித்து இன்னும் 5 நிமிடம். வெள்ளைக் கெட்டி அவலுக்கு அலசி வடித்து 10 நிமிடம் போதும். மெல்லிய அவலை ஊறவே விடக்கூடாது. அலசிய கையோடு வடித்துவிட வேண்டும்.

பாகு: விறைப்பதற்குக் காரணம் சர்க்கரை. கெட்டியான பாகு அவலிலுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு கப் அவலுக்கு அரை கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர். வெல்லம் கரைந்ததும் இறக்கி, மண் போக வடிகட்டி, வெதுவெதுப்பாக விட்டுப் பிசிறுங்கள். கம்பிப் பதம் வரை போகவே கூடாது. பிறகு அரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு ஏலக்காய்.

செங்கல்சூளை:

பாகு விஷயத்தில் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேரளத்து ‘அவல் விளயிச்சது’ எப்படிச் செய்கிறார்கள்? அவலை ஊறவைப்பதே இல்லை. வெல்லப்பாகில் தேங்காய்த் துருவலைப் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை கிளறுகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின் அவலைச் சேர்த்து, நெய்யில் வறுத்த பொட்டுக்கடலையும் எள்ளும் தூவுகிறார்கள். பாகு கெட்டிதான், ஆனாலும் விறைப்பதில்லை. நாள் கணக்கில் கெடாமலும் இருக்கிறது.

உலக்கைப்பூண்:

அதற்கு எடுப்பது மெல்லிய சிவப்பு அவல். தேங்காயில் இருக்கும் ஈரமும் எண்ணெயுமே அதை மிருதுவாக்கப் போதும். அங்கேயும் பாகு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது அவலைக் கொட்டினால் கடக்கு முடக்கென்று ஆகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின்தான் சேர்க்க வேண்டும். கெட்டி அவலில் இதே வேலையைச் செய்து பாருங்கள், பல் பேசும்.

ஓலைப்பெட்டி:

கதைப் பக்கம் நான் வருகிறேன்.

குசேலர் கதையைப் பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் சொல்கிறது. வீட்டில் ஒன்றுமில்லாமல் மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியது நான்கு பிடி அவல். கந்தைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புகிறார். கண்ணன் ஒரு பிடி தின்று அடுத்த பிடி எடுக்கும்போது ருக்மிணி கையைப் பிடிக்கிறாள். துவாரகை வரை நடந்து போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போனால் வழியிலேயே ஊசிப்போகும், அரிசி கொண்டுபோனால் கண்ணனுக்கு உடனே தின்ன முடியாது. அவல் தவிர வேறு எதை வைத்தாலும் கதை நிற்காது என்பேன். குருவாயூரில் தனு (நம் மார்கழி) மாதத்து முதல் புதன்கிழமை குசேல தினம். அன்று அவல்தான் முக்கிய நிவேதனம்.

தமிழில் அவல் இன்னும் பழையது. குறுந்தொகை 238-ஆம் பாட்டில், பாசவல் இடித்த உலக்கையை வயல் வரப்பில் படுக்கவைத்துவிட்டுத் தொண்டிப் பெண்கள் வண்டல் (மணல் வீடு கட்டும் விளையாட்டு) விளையாடப் போகிறார்கள். பாசவல் என்றால் பச்சை அவல். முற்றாத நெல்லில் இயல்பாகவே ஈரம் இருக்கும். மென்மையாக இருக்கும், ஆனால் நாள்பட வைக்க முடியாது. பிள்ளையாருக்கு ‘அப்பமொடு அவல்பொரி’ என்று திருப்புகழ் பாடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு நெல்பொரி, அவல்பொரி இரண்டையுமே வெல்லப்பாகில் உருட்டுவார்கள். இதற்கு மட்டும் பாகு முற்ற வேண்டும்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வருகிற பதம். பொரி மொறுமொறுப்பாக நிற்க வேண்டுமே! மேலே சொன்ன அவலுக்கு நேர் எதிர்.

விரதத்தில் அவல் சேருமா என்பது தீராத வழக்கு. ‘சோறு இல்லை, பலகாரம்தான்’ என்று ஏகாதசி அன்று அவல் உப்புமா செய்கிற வீடுகள் உண்டு. தானியமே ஆகாது என்கிறவர்கள் தொடமாட்டார்கள். என்னைக் கேட்டால் அவலும் அரிசிதான்.

வடக்கே போனால் பீகாரில் மகர சங்கராந்திக்குத் தயிரும் அவலும். நேபாளத்தில் ஆசார் (அவர்களின் ஆனி மாதம்) 15, நாற்று நடுகிற நாள், அன்றும் அதே தயிர் அவல். வயலில் நிற்கும்போது உலை வைக்க முடியாதல்லவா.

மால்ட்டுப்பொடி:

கார்ன்ஃப்ளேக்ஸ் கேள்வி விட்டுப்போயிற்று. அடிப்படை ஒன்றுதான்: வேகவை, ஈரத்தைச் சமமாகப் பரவவிடு, நசுக்கு. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரில் கெல்லாக் சகோதரர்கள் 1894-இல் செய்தது மக்காச்சோளத்தில் அல்ல, கோதுமையில். வேகவைத்த கோதுமை கவனிப்பாரின்றிக் கிடந்து பழசானது. அதை உருளையில் விட்டபோது மாவாக நீளாமல் ஒவ்வொரு மணியும் தனி இதழாக வந்தது. கிடந்த நேரத்தில் ஈரம் மணி முழுக்கச் சீராகப் பரவியதுதான் காரணம். அவலுக்கு வடிதட்டில் விடுகிற 15 நிமிடமும் அதே வேலை. காப்புரிமை 1896-இல் கிடைத்தது. மக்காச்சோளத்துக்கென்று சகோதரர்களில் இளையவரான வில் கெல்லாக் தனி நிறுவனம் தொடங்கியது 1906-இல்.

வித்தியாசம் கடைசி வேலையில். கார்ன்ஃப்ளேக்ஸை நசுக்கியபின் பெருஞ்சூட்டில் வாட்டுகிறார்கள். அதனால்தான் கொப்புளமும் மொறுமொறுப்பும். அவலை வாட்டுவதில்லை. அந்த மொறுமொறுப்பு வேண்டுமென்றால் மலபார் அவல் மில்க்கைப் பாருங்கள். மெல்லிய சிவப்பு அவல் 4 மேசைக்கரண்டி, அரைக் கரண்டி நெய்யில் சிறுதீயில் ஒடியும்வரை வறுத்து ஆறவைக்க வேண்டும். இரண்டு சின்ன வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு மசித்து, ஒரு டம்ளர் குளிர்ந்த பால் ஊற்றி, வறுத்த வேர்க்கடலையும் அவலும் கடைசியில். போட்ட கையோடு சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஊறிவிடும். தீ கூடினால் நுனி கருகிக் கசக்கும்.

நெய்க்கிண்ணம்:

வடிதட்டு முறை சரியாக வந்தது, நன்றி. சிவப்பு அவல் டப்பாவில் ஒரு மாதிரி எண்ணெய் வாடை வருகிறதே, அது புழுங்கல் வாடையா?

உலக்கைப்பூண்:

இல்லை, சிக்கு வாடை. தவிட்டில் இருக்கும் எண்ணெய் கெட்டுப்போனது. அலசினாலும் வறுத்தாலும் போகாது, கொட்டிவிடுங்கள். இனி மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் அடுப்பு மேடைக்குத் தள்ளி வையுங்கள். அதிகம் வாங்கிவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம்.