சித்தப்பாதான் டிரஸ்டி, கணக்குக் கேட்டால் கோபம்: எந்த மாதிரி வக்கீலிடம் போவது?

கடைக்குட்டி எழுதியது:

எங்கள் அப்பா 2009இல் ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதிவைத்தார். இரண்டு கட்டடங்களும் வங்கியில் ஒரு வைப்புத்தொகையும் அதில் அடக்கம். அம்மாவுக்கு ஆயுள் முழுவதும் பராமரிப்பு. மீதி வருமானம் பிள்ளைகள் நால்வருக்கும் சமமாக. அப்பாவின் தம்பியும் எங்கள் பெரிய அண்ணனும் டிரஸ்டிகள். அப்பா 2017இல் காலமானார்.

அதன்பின் சில ஆண்டுகள் பங்கு ஒழுங்காக வந்தது. பிறகு பாதியானது. 2022 முதல் நின்றேவிட்டது. ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சித்தப்பா தம் மகனுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். எவ்வளவு வாடகை என்று கேட்டேன். "வீட்டுப் பிள்ளையிடம் வெளியார் வாடகையா வாங்குவது?" என்றார். கணக்குக் கேட்டதற்கு ஒரு தாளை நீட்டினார். ஒரே ஒரு தாள். அதில் மூன்றில் ஒரு பங்கு "இதர செலவு". நான் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். 'இதர' என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

பத்திரத்தை எழுதிக்கொடுத்த குடும்ப வக்கீலிடம் போனேன். "நான் பேசிப் பார்க்கிறேன், அவசரப்படாதே அம்மா" என்று எட்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரிய அண்ணன், சித்தப்பா விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். மற்ற இரண்டு அண்ணன்களும் "உனக்குச் சரியென்று பட்டதைச் செய்" என்கிறார்கள். எங்களை இழுக்காதே என்று அதற்குப் பொருள். அம்மா கோர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறார்.

நான்கு பேரில் நான் ஒருத்தி மட்டும் வழக்குப் போட முடியுமா? காலம் கடந்துவிட்டதா? 'தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும்' என்று பத்திரத்தில் இருப்பதாகச் சித்தப்பா சொல்கிறார். நடுவராக அவருடைய நண்பரின் பெயரையே சொல்கிறார். பத்திரத்தை இதுவரை எங்கள் கண்ணில் காட்டியதில்லை. எந்த மாதிரி வக்கீலைத் தேட வேண்டும்?

---

பழைய கட்டு எழுதியது:

அம்மா, நான் வக்கீல் அல்ல. முப்பத்தொரு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். பெரும்பாலும் சொத்து வழக்குகள், அவற்றில் டிரஸ்ட் கட்டுகள் ஒரு அலமாரி. சொத்து இந்தியாவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிரஸ்ட் என்பதற்குத் தமிழில் அறக்கட்டளை என்று எழுதிப் பழகிவிட்டோம். அதனால் இது ஏதோ தருமக் காரியம், உரிமையாகக் கேட்பது முறையில்லை என்று பயனாளிகளே, அதாவது டிரஸ்டின் பலனைப் பெற வேண்டியவர்களே, கூச்சப்படுகிறார்கள். உங்களுடையது தருமம் அல்ல, தனியார் டிரஸ்ட். இதை ஆள்வது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். பொது அறக்கட்டளை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் வழக்குப் போட முடியும். உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஒரு பயனாளி தனியாகவே வழக்குப் போடலாம். அண்ணன்களும் அம்மாவும் கட்சிக்காரர்களாகச் சேர்க்கப்படுவார்கள், அவ்வளவுதான்.

வக்கீலைத் தேடுவதற்கு முன் பத்திரத்தைத் தேடுங்கள். அசையாச் சொத்து அடங்கிய டிரஸ்ட் என்றால், உயிலாக இல்லாத பட்சத்தில், எழுத்தில் இருந்து பதிவாகியிருந்தால்தான் செல்லும். பதிவானதை யாரும் பெட்டிக்குள் பூட்ட முடியாது. சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். சித்தப்பாவின் அனுமதி தேவையில்லை. கூடவே இரண்டு கட்டடங்களுக்கும் 2009 முதல் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவான அடமானம் உண்டா என்று அதில் தெரியும். மகனுக்குக் கொடுத்தது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அது பதிவாகியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதுவே ஒரு கேள்வி.

பிறகு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் அல்ல, உங்கள் கையெழுத்தில், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில். டிரஸ்ட் சட்டத்தின் 19ஆம் பிரிவு டிரஸ்டி தெளிவான, சரியான கணக்கு வைக்க வேண்டும் என்கிறது; பயனாளி கேட்டால் முழு விவரம் தர வேண்டும் என்கிறது. 57ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. டிரஸ்ட் பத்திரம், சொத்துப் பத்திரங்கள், கணக்குகள், அவற்றுக்கான ரசீதுகள், நிர்வாகத்துக்காக டிரஸ்டி வாங்கிய சட்டக் கருத்துகள் வரை பார்வையிட்டு நகல் எடுக்கும் உரிமையை அது உங்களுக்குக் கொடுக்கிறது. அந்த 'இதர செலவு' ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். கோபமான ஒரு வார்த்தைகூட அதில் வேண்டாம். நாளைக்கு நீதிபதி படிக்கப்போகிற முதல் தாள் அது.

வாடகை விஷயத்தில் சித்தப்பா வாயாலேயே மாட்டிக்கொண்டார். நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாடகைக்குத்தான் டிரஸ்ட் சொத்தைக் குத்தகைக்கு விட வேண்டும், 21 ஆண்டுகளுக்கு மேல் விடக் கூடாது, மீற வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது 36ஆம் பிரிவு. வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை எதுவும் அதில் இல்லை.

பெரிய அண்ணனிடம் ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள். டிரஸ்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டோர் இருந்தால், பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை, எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். சேர்ந்து செய்த தவறுக்கு முழு இழப்புக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. "நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்பதை எத்தனையோ கூண்டுகளில் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அதனால் தப்பித்ததாக எனக்கு நினைவில்லை.

நடுவர் கதையை விடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தாலும், டிரஸ்டிகளுக்கும் பயனாளிகளுக்கும் இடையிலான வழக்கு நடுவர் தீர்ப்புக்கு உரியதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2016இல் விமல் கிஷோர் ஷா வழக்கில் சொல்லிவிட்டது. சமரசம் வேறு; அது இருவரும் ஒப்பினால் எப்போதும் செய்யலாம்.

காலக்கெடு: டிரஸ்டி கையில் உள்ள டிரஸ்ட் சொத்தை மீட்கவும் கணக்குக் கேட்கவும் காலம் தடையாகாது என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளுக்கு எதிராக அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் டிரஸ்ட் பற்றித் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவராக இருந்தால் சொத்தே கை நழுவிப் போகலாம். ஆகவே விற்கப் போகிறார்கள் என்று காற்றில் ஒரு பேச்சு வந்தாலும் கடிதம், சமரசம் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு விற்பனையைத் தடுக்கும் நீதிமன்ற ஆணைக்கு, அதாவது இடைக்கால உறுத்துக்கட்டளைக்கு ஓடுங்கள்.

---

நேர்வழி எழுதியது:

இவ்வளவு எதற்கு? நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுங்கள். மறுநாளே சித்தப்பா கணக்கோடு வந்து நிற்பார்.

---

பழைய கட்டு எழுதியது:

வந்து நிற்க மாட்டார், முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு நிற்பார். நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 316ஆம் பிரிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நேர்மையற்ற எண்ணத்தைக் காட்ட ஆதாரம் வேண்டும். ஒரு தாள் கணக்கை வைத்துக்கொண்டு போனால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். ரசீதுகள் வரட்டும். அதில் பொய் தெரிந்தால் அந்தக் கதவு அப்போதும் திறந்தே இருக்கும்.

---

இரண்டாம் சுற்று எழுதியது:

சகோதரி, நான் இதே பாதையில் ஆறு ஆண்டுகள் நடந்தவள். எனக்கு எதிரே நின்றது என் சொந்த அக்கா. பெரியவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். வக்கீலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் முதலில் தவறான ஆளிடம் போனேன்.

அவர் பெயர்பெற்றவர்தான், பாகப்பிரிவினை வழக்குகளில். என் வழக்கையும் பாகப்பிரிவினையாகவே எழுதிவிட்டார். டிரஸ்ட் சொத்து டிரஸ்டியின் பெயரில் நிற்கிறது, பயனாளிக்கு இருப்பது டிரஸ்டிக்கு எதிரான உரிமை; எடுத்த எடுப்பில் பங்கு பிரித்துக்கொடு என்று கேட்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை எதிர்த்தரப்பு இரண்டே வரியில் எழுதியது. வழக்கைத் திரும்பப் பெற்று வேறு வழக்குப் போட எனக்கு இரண்டரை ஆண்டுகள் வீணாயின.

அதனால் இரண்டாவது முறை, போனவுடன் ஒரு கேள்வி கேட்டேன்: "நீதிமன்றத்திடம் நீங்கள் என்ன பரிகாரம் கேட்பீர்கள்?" ஒருவர் "முதலில் நோட்டீஸ் விடுவோம், அப்புறம் பார்க்கலாம்" என்றார். இன்னொரு பெண் வக்கீல் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் படித்தார். பிறகு, கணக்கு ஒப்படைப்பு, இழப்பை டிரஸ்டி ஈடுசெய்வது, டிரஸ்டியை நீக்கிப் புதியவரை நியமிப்பது, அதுவரை சொத்தில் கைவைக்காமல் தடை என்று வரிசையாகச் சொன்னார். அவரிடமே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் குடும்ப வக்கீலிடம் இனிப் போகாதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அவர் ஆலோசனை சொல்கிறவராக இருந்தால் உங்களுக்காக வாதாட முடியாது. பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. நீங்கள் அவரிடம் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே அடுத்த அடி வையுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள்: மனு தயாரிக்க எவ்வளவு, இடைக்கால மனுவுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று. "ஜெயித்தால் இத்தனை விழுக்காடு" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய வக்கீல்கள் அப்படிப் பேசவே கூடாது. வக்கீலை மாற்ற நேர்ந்தால் கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொன்னது. அது தெரியாமல் நான் நான்கு மாதம் கெஞ்சினேன்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலித்தது இதுதான்: என் அக்கா டிரஸ்ட் பணத்தில் வக்கீல் வைத்தார். என் பங்கையும் செலவழித்து எனக்கு எதிராக வாதாடினார்கள். டிரஸ்டி முறையாகச் செய்த செலவைத்தான் டிரஸ்டிலிருந்து எடுக்கலாம். தன் தவறை மறைக்கச் செய்வது அதில் சேராது. இதை முதல் நாளே மனுவில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் மூன்றாம் ஆண்டில் எழுதினோம்.

பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எங்கள் வழக்கு கடைசியில் சமரச மையத்தில் முடிந்தது. அக்கா இப்போது பேசுவதில்லை. கணக்கு மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

---

நானும் ஒரு டிரஸ்டி எழுதியது:

மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். ஒன்பது ஆண்டுகளாக என் மாமா பிள்ளைகளின் டிரஸ்டைப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, பத்திரத்தில் எழுதாதவரை வாங்கவும் கூடாது. மேல்தளம் ஒழுகினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதி ரசீதுகளை நானும் தொலைத்திருக்கிறேன், திருடவில்லை. உங்கள் சித்தப்பா எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: இரு தரப்பும் ஒப்பும் ஒரு பட்டயக் கணக்காளர் 2017 முதல் கணக்கைப் பார்க்கட்டும் என்று. சோம்பேறி டிரஸ்டி நிம்மதியாக ஒப்புக்கொள்வார். மற்றவர் மறுப்பார். எனக்கே ஒரு முறை சந்தேகம் வந்தபோது டிரஸ்ட் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி நீதிமன்றத்திடம் மனுப் போட்டு ஆலோசனை கேட்டேன். டிரஸ்டிக்கு அந்த வழியும் இருக்கிறது.

---

கடைக்குட்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, பழைய கட்டு ஐயாவுக்குத் தனியாக.

சான்றிட்ட நகல் கிடைத்துவிட்டது. பதினோரு பக்கம். வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் இல்லை, குத்தகைப் பதிவும் இல்லை. நடுவர் விதி உண்மையிலேயே இருக்கிறது. நண்பர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஆறாம் பக்கத்தில், எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று: அப்பாவுக்குப் பிறகு டிரஸ்டி நியமிக்கும் அதிகாரம் அம்மாவுக்கு.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவரே இன்னொரு முறை படித்தார். "இதை ஏன் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். அழவில்லை. அப்படியானால் சித்தப்பாவை அம்மாவே மாற்றிவிடலாமா, ஐயா?

---

பழைய கட்டு எழுதியது:

நியமிக்கும் அதிகாரம் வேறு, நீக்கும் அதிகாரம் வேறு அம்மா. டிரஸ்ட் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி ஒரு டிரஸ்டி இறந்தாலோ, தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாமல் போனாலோ, விலகினாலோ, தகுதி இழந்தாலோ, மறுத்தாலோதான் அந்த இடத்துக்கு இன்னொருவர். உட்கார்ந்திருப்பவரை எழுப்ப நீதிமன்றம் வேண்டும். ஆனால் டிரஸ்டிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பத்திரம் என்ன சொல்கிறது? அதைப் பாருங்கள்.

---

கடைக்குட்டி எழுதியது:

பார்த்தேன். "இருவருக்குக் குறையாமலும் ஐவருக்கு மிகாமலும், கூடுதல் டிரஸ்டிகளை மேற்படி மனைவி எப்போது வேண்டுமானாலும் நியமிக்கலாம்" என்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை புது வக்கீலைப் பார்க்கிறோம். பெரிய அண்ணனும் வருகிறேன் என்று நேற்றிரவு போன் செய்தார். ஒவ்வொருவரும் முழு இழப்புக்கும் பொறுப்பு என்ற வரியை அவருக்கு அனுப்பியிருந்தேன். அம்மா அந்த ஆறாம் பக்கத்தை மட்டும் தனியாக ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.