ரிலே வைத்தும் ஊருணி நீர்மட்டம் தப்பாக வருகிறது

பள்ளத்தூர் தம்பி:
அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். எங்கள் ஊருணிக் கரையில் நீர்மட்ட சென்சார் வைத்திருக்கிறேன். லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் ரேடியோ), 866 மெகாஹெர்ட்ஸ். ரிசீவர் வீட்டின் இரண்டாம் கட்டில். செட்டிநாட்டுச் சுவர்களின் கனம் தெரியும்தானே, சிக்னல் உள்ளே வருவதற்குள் செத்துவிடுகிறது. அதனால் முகப்பு மாடியில் ஒரு ரிலே. அது பாக்கெட்டை டிகோட் செய்து, மறுபடி என்கோட் செய்து அனுப்பும். கோடிங் ரேட் 4/5, அதாவது நான்கு தரவு பிட்டுக்கு மொத்தம் ஐந்து பிட் போகும். பாக்கெட் ஓரளவு ஒழுங்காக வருகிறது, ஆனால் சில நேரம் வற்றிக் கிடக்கிற ஊருணி நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. 4/8-க்கு மாற்றினால் போதுமா?

காரைக்குடிக்காரன்:
மாற்றுங்கள் தம்பி, நல்லதுதான். 4/5-இல் நான்கு பிட்டுக்கு ஒரே ஒரு பாரிட்டி, அதாவது சரிபார்ப்பு பிட். பிழை இருப்பதைக் காட்டும், திருத்தாது. 4/7-ம் 4/8-ம் ஹாமிங் கோடு, ஒவ்வொரு கோட்வேர்டிலும் (தரவு பிட்டும் பாரிட்டியும் சேர்ந்த தொகுப்பு) ஒரு பிட்டைத் திருத்தும். பாக்கெட் காற்றில் இருக்கும் நேரம் கூடும், ஊருணிக்கு என்ன அவசரம்?

ஆனால் உங்கள் கோளாறு ரிலேயில் இருக்கிறது. அது தப்பாக டிகோட் செய்ததற்குப் புது பாரிட்டி போட்டு அனுப்பினால், ரிசீவர் கண்ணுக்கு அது குறையே இல்லாத கோட்வேர்ட். அதற்குப் பிறகு எவ்வளவு வலுவான கோடு போட்டாலும் பயனில்லை. லோராவில் பேலோடு சிஆர்சி (பாக்கெட்டில் உள்ள தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) நாமாக ஆன் செய்ய வேண்டியது, பாருங்கள். அதோடு சென்சாரே தரவுக்குள் தனியாக ஒரு சிஆர்சி சேர்க்கட்டும். தேறாத பாக்கெட்டை ரிலே கடத்தவே கூடாது. ரிசீவரும் கடைசியில் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

பள்ளத்தூர் தம்பி:
சிஆர்சி ஆஃப்தான் அண்ணே. ஆனால் தேறாததைக் கடத்தாமல் விட்டால் அந்த அளவே போய்விடுமே? டிகோட் செய்யாமல் அப்படியே பெருக்கி அனுப்பினால்?

தேவகோட்டை அக்கா:
பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதுவும் போக, சாதாரண லோரா மாட்யூல் டிகோட் செய்த பைட்டுகளைத்தான் கையில் கொடுக்கும்.

போன அளவை மீட்க வழி இருக்கிறது தம்பி. சிஆர்சி வந்துவிட்டால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். கெட்ட இடம் தெரிந்த பிழையைத் திருத்துவது ரொம்பச் சுலபம். இரண்டு அளவுகளை அனுப்பிய பின், சென்சார் அவை இரண்டின் எக்ஸ்ஓஆரை (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) மூன்றாவது பாக்கெட்டாக அனுப்பட்டும். மூன்றில் எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டை வைத்து ரிலே மீட்டுவிடும். ரிலேயும் வீட்டுக்குள் அதே மூன்றையும் அனுப்பினால், சுவர் விழுங்கியதை ரிசீவர் மீட்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் கட்டாயம். இல்லாவிட்டால் எதை எதோடு எக்ஸ்ஓஆர் செய்வது என்று தெரியாமல் போகும்.