புதுப்பிப்பு: எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை

ப, ட, ம மூன்றோடும் புள்ளியோடும் வாசிப்பைத் தொடங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். பாம்பன் பக்கத்துப் பால்வாடி டீச்சர்கள் கேட்டது: பிள்ளைகள் எழுத்தெல்லாம் சொல்கிறார்கள், 'பட்டம்' ஏன் வரவில்லை?

பிள்ளை 'ப–இட்–ட–இம்' என்று வாசிக்கிறது. மெய்யின் பெயரையே ஒலியாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். புள்ளி எழுத்தைத் தனி அட்டையில் காட்டவே வேண்டாம். 'பட்', 'டம்' என இரண்டே அட்டை, இரண்டு கைதட்டு. 'டம்' அப்படியே இருக்க, முன்னால் 'மட்' வைத்தால் மட்டம், 'ப' வைத்தால் படம். 'படம்' என்பதில் ட மெலிந்து ஒலிப்பதை விளக்காதீர்கள். ஒரு படத்தைக் காட்டுங்கள், பிள்ளை தானே சரியாகச் சொல்லும்.

அடுத்து படகு, கடல், நண்டு. 'வலை' கொஞ்சம் பொறுக்கட்டும்: ஐகாரக் குறி (ை) ல-வுக்கு முன்னால் நிற்பதால் கண் அங்கே தடுக்கும். குறியையும் ல-வையும் ஒரே நிறத்தில், வ-வை வேறு நிறத்தில் எழுதினால் பிடிபடும்.