காலமை 4.9, பின்னேரம் 3.2: அம்மாவின்ர தைரொய்ட் குளிசையைக் கூட்டினது சரியோ?

வெள்ளவத்தை_மகன்:
அம்மாவுக்கு 67 வயசு. பதினொரு வருசமா தைரொக்சின் போடுறா, கடைசி மூண்டு வருசமும் 75 மைக்ரோகிராம். நான் கோட்டையில வேலை முடிஞ்சு 100ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கி வந்து சேர அஞ்சரை ஆகும். அதுக்குப் பிறகுதான் அவவை லாபுக்குக் கூட்டிக்கொண்டு போறது. போன வருசம் ரீ.எஸ்.எச் (தைரொய்ட்டைத் தூண்டுற ஹோமோன், மருந்து பத்தாட்டி இது ஏறும்) 3.4. இந்த வருசம் ஜனவரியில 3.2. போன கிழமை எனக்கு லீவு, அதால காலமை வெறும் வயித்தோட இரத்தம் குடுத்தா. 4.9 எண்டு வந்துது. மேல் எல்லை 4.0 எண்டு ரிப்போர்ட்டில போட்டிருக்கு.

டொக்டரைச் சனல் பண்ணினம், அதுதான் காசு கட்டி நம்பர் எடுத்தம். 38ஆவது நம்பர், உள்ளுக்குப் போகேக்க இரவு ஒன்பது மணி. ரிப்போர்ட்டைப் பார்த்தார், 100 எண்டு எழுதினார், பெல்லை அடிச்சார்.

வீட்ட வந்து மூண்டு ரிப்போர்ட்டையும் மேசையில பரப்பிப் பார்க்கத்தான் மூலையில சின்ன எழுத்தில இருந்த நேரம் கண்ணில பட்டுது. 17.52. 18.05. கடைசி 07.10. இது வருத்தம் கூடினதோ, இல்லாட்டி மணிக்கூடு மாறினதோ? மணிக்கூடுதான் எண்டு எனக்குப் படுது. 100 தொடங்கவேண்டாமெண்டு மறிச்சு வச்சிருக்கிறன், பழைய 75தான் போடுறா.

கொட்டாஞ்சேனை_ராஜி:
மறிச்சு வச்சிருக்கிறீங்களா? தம்பி, டொக்டர் எழுதினதை வெட்டுறதுக்கு நீங்க யாரு?

எனக்கு இந்த வருத்தம் 14 வருஷமா இருக்கு, அதனால சொல்றேன். நீங்க தலைகீழா யோசிக்கிறீங்க. 0.4 முதல் 4.0 என்ற அந்த இயல்பு அளவை எப்படிப் போட்டாங்க? பெரும்பாலும் காலையில எடுத்த இரத்தத்தை வச்சுத்தான். அப்போ காலை நம்பர்தான் அந்த அளவோட ஒப்பிடக்கூடிய நம்பர். உங்க பின்னேர நம்பர்தான் பொய் சொல்லியிருக்கு. மூணு வருஷமா அம்மாவுக்கு மருந்து பத்தாம இருந்திருக்கலாம், நீங்க சாயங்காலம் கூட்டிப் போனதால யாருக்கும் தெரியல. இப்போதான் பிடிபட்டிருக்கு.

அம்மா களைப்பா இருக்காங்களா, மலச்சிக்கல் இருக்கா, முடி கொட்டுதா? அதைக் கேட்டீங்களா, இல்ல மணி மட்டும்தான் பார்த்தீங்களா?

வெள்ளவத்தை_மகன்:
அக்கா, களைப்பு இருக்கு எண்டுதான் சொல்லுறா. ஆனா நாலாம் மாடி, லிஃப்ட் மாசத்தில பாதி நாள் ஓடாது. எனக்கும் களைப்புத்தான்.

லாப்_தம்பி:
நான் லாப்ல எம்.எல்.டி, இரத்தம் சோதிக்கிற ஆள். பெயரும் இடமும் வேணாம்.

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி சரி. ரீ.எஸ்.எச் ராத்திரி ஏறும், 2 மணியிலிருந்து 4 மணிக்குள்ள உச்சம். விடிஞ்சதும் இறங்கத் தொடங்கும், பின்னேரம் அடிமட்டம். காலைச் சாப்பாடு அதை இன்னும் கொஞ்சம் இறக்கும். வெறும் வயித்துல 7 மணிக்கு எடுத்ததையும் சாப்பிட்டு மத்தியானம் தாண்டி எடுத்ததையும் பக்கத்துல வச்சா, ஒரே ஆளுக்கு கால்வாசி, சில நேரம் அதுக்கு மேலயும் வித்தியாசம் வரும். அண்ணனோட 4.9க்கும் 3.2க்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. நேரம் மட்டுமே இதைச் செய்யக்கூடியது. 3.2 பன்னிரண்டு ஆகியிருந்தா நான் மணிக்கூடுன்னு சொல்லமாட்டேன். எல்லைக்கோட்டுல நிக்கிறவங்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

ராஜி அக்கா சொன்ன காலை விஷயம் நியாயம். ஆனா அம்மாவுக்கு 67. வயசு போகப் போக ரீ.எஸ்.எச் இயல்பாவே கொஞ்சம் கூடும். ரிப்போர்ட்ல இருபது வயசுப் பிள்ளைக்கும் அறுபத்தேழு வயசு அம்மாவுக்கும் அதே 4.0தான் அச்சடிச்சு வருது. 75லிருந்து 100ங்கிறது மூணுல ஒரு பங்கு கூட்டுறது. அந்த வயசுல மருந்து மிஞ்சினா இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். கூட்டத்தான் வேணும்னாலும் ஒரு நாள் 75, மறுநாள் 100ன்னு மாத்தி மாத்திக் கொடுக்கிற டொக்டர்மார் இருக்காங்க.

கொட்டாஞ்சேனை_ராஜி:
லாப்ல இருக்கிற தம்பி டோஸ் சொல்ல வந்துட்டார். சரி, திரும்ப டெஸ்ட் எடுக்கணும்னே வச்சுக்குவோம். அதுக்கு எவ்வளவு காசு, எத்தனை நாள் காத்திருப்பு? அதுவரைக்கும் அந்த அம்மா களைச்சுக்கிட்டே இருக்கணுமா? ஆம்பளைங்களுக்கு இது ஒரு நம்பர். எங்களுக்கு அது உடம்பு.

எனக்கு ரீ.எஸ்.எச்சை ஒண்ணுக்குக் கீழ வச்சாத்தான் உயிர் வருது. போன தடவை 0.3. அருமையா இருக்கேன்.

தெமட்டகொடை_நானா:
நடுவுல வாறதுக்கு மன்னிக்கணும். எங்கட உம்மாக்கும் இதே வருத்தம்தான். நேரம் எண்டு எல்லாரும் இரத்தம் எடுக்கிற நேரத்தையே பேசுறீங்க, குளிசை போடுற நேரத்த யாரும் பேசல்ல. ஒரு நோன்புக்கு உம்மா விடிய முந்தி ஸஹர் சாப்பிட்டு, பால் தேத்தண்ணியும் குடிச்சு, அதுக்கு மேலயே குளிசையையும் போட்டுட்டு படுத்துட்டாங்க. முப்பது நாளும் அப்படித்தான். பெருநாள் முடிஞ்சு பாத்தா 3 ஆக இருந்தது 7. டோஸ் கூட்டல்ல. இரவைக்கு சாப்பிட்டு மூணு மணித்தியாலம் கழிச்சு, படுக்கப்போக முந்தி போடச் சொன்னாங்க. ரெண்டு மாசத்துல பழைய நம்பருக்கே வந்துட்டு.

இன்னொண்டு, இரத்தம் குடுக்கிற அண்டைக்கு காலையில குளிசைய போட்டுட்டு போனா ரீ.எஸ்.எச் குறைச்சுக் காட்டும் எண்டு கேள்விப்பட்டேன், உண்மையா?

லாப்_தம்பி:
இல்ல நானா. ரீ.எஸ்.எச் ஒரு குளிசைக்கு அப்படி ஆடாது. ஆடுறது ஃப்ரீ ரீ4, அதாவது இரத்தத்துல இருக்கிற தைரொக்சின் அளவு. குளிசை போட்டு ரெண்டு, மூணு மணித்தியாலத்துல அது கொஞ்ச நேரத்துக்கு எகிறும், சிலருக்கு அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும். அதனாலதான் முதல்ல இரத்தம், அப்புறம் குளிசைன்னு சொல்றது. தைரொக்சின் பாதியாகக் குறையவே ஒரு கிழமை ஆகும். அதனால டோஸ் மாத்தினா ஆறிலிருந்து எட்டுக் கிழமை பொறுத்துத்தான் பார்க்கணும்.

எங்களுக்கு இன்னொரு கூட்டம் வரும். மாசக்கணக்கா குளிசையை மறந்துட்டு, கிளினிக்குக்கு முதல் கிழமை மட்டும் ஒழுங்காப் போடுவாங்க, ஓ.எல் பரீட்சைக்கு முதல்நாள் படிக்கிற பிள்ளை மாதிரி. ஃப்ரீ ரீ4 நல்லா இருக்கும், ரீ.எஸ்.எச் 20ல நிக்கும். இரத்தம் காட்டிக் கொடுத்துடும்.

கொட்டாஞ்சேனை_ராஜி:
நானா கேட்டது நல்ல கேள்வி, என் புத்திக்கு முதல்லயே வந்திருக்கணும். வெள்ளவத்தைத் தம்பி, அம்மா வேற என்ன மருந்து போடுறாங்க? காலையில எதோட சேர்த்து?

வெள்ளவத்தை_மகன்:
பிரஷர் குளிசை இரவில. காலமை தைரொக்சின் மட்டும்தான் எண்டு எழுதிப்போட்டு, ஒருக்கா கேட்டுப் பார்ப்பமெண்டு குசினிக்குப் போனன்.

மே மாசம் எலும்புத் தேய்வு எண்டு சொல்லி வேற டொக்டர் கல்சியம் எழுதியிருக்கிறார். அம்மா ரெண்டையும் ஒரே சின்னப் பிளாஸ்டிக் மூடியில போட்டு வச்சிருக்கிறா, மறக்காமல் இருக்கவாம். விடிய எழும்பி பால் தேத்தண்ணியோட ரெண்டையும் ஒண்டா விழுங்குறா. மூண்டு மாசமா.

கொட்டாஞ்சேனை_ராஜி:
முடிஞ்சுது. நாலு மணித்தியால இடைவெளி இல்லாம கல்சியம் போட்டா தைரொக்சின் உடம்புல சரியாச் சேராது, இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். உங்க மணிக்கூடும் இல்ல, வருத்தம் கூடினதும் இல்ல.

வெள்ளவத்தை_மகன்:
அக்கா, 3.2 வந்தது கல்சியத்துக்கு முதல், பின்னேரம். 4.9 வந்தது கல்சியத்துக்குப் பிறகு, காலமை. மணிக்கூடு இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க?

லாப்_தம்பி:
சொல்லமுடியாது. ரெண்டும் கலந்திருக்கு. ஆனா ஒண்ணு பாருங்க, எலும்பு தேயுதுன்னு கல்சியம் கொடுத்தாங்க. அந்தக் கல்சியம் தைரொக்சினைத் தடுத்தது. அதுக்காகத் தைரொக்சினைக் கூட்டியிருந்தா, அப்புறம் யாராவது கல்சியத்தை இரவுக்கு மாத்தினதும் முழு 100உம் உள்ள போய் எலும்பை அரிக்கும்.

வெள்ளவத்தை_மகன்:
நேற்று திரும்பச் சனல் பண்ணிப் போனம். மூண்டு ரிப்போர்ட்டிலையும் நேரத்தைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு, கல்சியப் போத்தலையும் கொண்டு போனன். டொக்டர் போத்தலைத்தான் முதல் தூக்கிப் பார்த்தார். "இதை அண்டைக்குச் சொல்லேல்லையே அம்மா" எண்டார். "நீங்க கேக்கேல்லையே தம்பி" எண்டு அம்மா. 75 அப்பிடியே இருக்கட்டும், கல்சியம் இரவுச் சாப்பாட்டோட, எட்டுக் கிழமையால காலமை ஏழுக்கு, குளிசைக்கு முதல் இரத்தம் எண்டு எழுதித் தந்தார். அரை நாள் லீவுக்கு இப்பவே சொல்லிப்போட்டன்.

கொட்டாஞ்சேனை_ராஜி:
சரி. ஆனா காலையில எடுத்து, கல்சியத்தை விலக்கி, அப்பவும் 4.8 வந்தா மறுபடி இங்க வந்து மணிக்கூடு கதை சொல்லக்கூடாது.

லாப்_தம்பி:
அக்கா, கேட்க நினைச்சேன். உங்க 0.3. முடி கொட்டுதுன்னு ஏதாவது போடுறீங்களா? பயோட்டின் வைட்டமின்?

கொட்டாஞ்சேனை_ராஜி:
போடுறேன். பத்தாயிரம் மைக்ரோகிராம், தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்புறா. அதுக்கும் இதுக்கும் என்ன?

லாப்_தம்பி:
சில மெஷின்கள் சோதனையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துது. இரத்தத்துல அது நிறைய இருந்தா ரீ.எஸ்.எச் பொய்யாக் குறைஞ்சு காட்டும், ஃப்ரீ ரீ4 பொய்யாக் கூடிக் காட்டும். எல்லா மெஷினும் அப்படி இல்ல. குறைஞ்சது ரெண்டு நாள் நிறுத்திட்டு எடுத்தா உண்மை தெரியும்.

கொட்டாஞ்சேனை_ராஜி:
போன தடவை அதை அன்னைக்குக் காலையிலதான் போட்டுட்டுப் போனேன். எங்க லாப்ல எந்த மெஷின்னு கேட்டுட்டு வர்றேன்.